ஃபிளெக்ஸில் ஏறிய கர்ப்பப்பை

ஸ்கேன் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். எந்த இயந்திரம் நல்லது, எந்தப் பொத்தானை எவ்வளவு திருப்ப வேண்டும் என்றெல்லாம் எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அதற்குக் கம்பெனிக்காரர்கள் இருக்கிறார்கள். டை கட்டிக்கொண்டு வந்து, நம் காபியைக் குடித்துவிட்டு, நமக்குத் தெரிந்ததை நமக்கே சொல்லிவிட்டுப் போவார்கள். நான் ஓய்வு பெற்றவள். இனி யாரையும் சந்தோஷப்படுத்த வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆகவே இந்த ஊரில் ஸ்கேன் பார்க்கிறவர்களுக்கு மட்டுமே வரும் ஓர் ஆபத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் மரியாதை.

மற்ற ஊர்களில் வைத்தியம் பலிக்கவில்லை என்றால் நோயாளி டாக்டரைத் திட்டுவார். திட்டு வாங்குவது கஷ்டம்தான், ஆனால் விஷயம் உடனே தெரிந்துவிடும். நம் ஊரில் நோயாளி டாக்டரைச் சமாதானப்படுத்துவார். பித்தப்பையில் கல் அடைத்து, சட்டை நனைய வியர்த்துக் கிடந்த ஒரு பெரியவர், நான் வயிற்றில் புரோபை, அதாவது ஸ்கேன் கருவியின் கைப்பிடி முனையை, வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "அம்மா சாப்புட்டீங்களா?" என்பதுதான். "ரொம்ப வலிக்குதுங்களா?" என்றேன். "அட, லேசா இருக்குதுங்க. நீங்க மெதுவாப் பாருங்க" என்றார். அவரை அங்கிருந்து நேராக அறுவை அரங்குக்குத்தான் கொண்டுபோனார்கள்.

நாமும் மரியாதையில் குறைந்தவர்கள் அல்ல. நமக்கு ஒன்று சரியாகத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றா எழுதுகிறோம்? 'நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். அந்த ஒரு வரிதான் நம் தொழிலின் குலதெய்வம். வார்டு டாக்டர் அதைப் படித்துவிட்டு, 'ஸ்கேனோடு பொருத்திப் பார்க்கவும்' என்று எழுதுவார். நீங்க முதல்ல போங்க, இல்லீங்க நீங்க முதல்ல போங்க என்று இரண்டு சம்பந்திகள் வாசலில் நிற்பதைப் போல நிற்போம். நோயாளி நடுவில் நிற்பார்.

இப்போது ஈஸ்வரியின் கதைக்கு வருகிறேன்.

ஈஸ்வரி சோமனூர்க்காரர். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். கணவர் நூல் வாங்கவும் துணி கொடுக்கவும் அலைவார், தறிகளை மேய்ப்பது ஈஸ்வரிதான். நாற்பதைத் தாண்டிய வயது. கர்ப்பப்பையில் ஒரு கட்டி. புற்று ஒன்றும் இல்லை, சாதாரணச் சதைக்கட்டிதான். ஆனால் மாதவிடாய் வந்தால் ஆறாகப் போகும், நிற்காது. உள்ளூரில் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று: கர்ப்பப்பையை எடுத்துவிடு. நம் பக்கத்தில் கர்ப்பப்பையை எடுப்பது என்பது முருங்கைக் கிளையை ஒடிப்பது மாதிரி. பிள்ளை பெற்றாயிற்றா, எடுத்துப் போடு. கணவரின் அக்கா, நம் பக்கத்துப் பேச்சில் நங்கையாள், வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எடுத்தவர், அவர் தங்கை எடுத்தவர், ஓரகத்தி எடுத்தவர். ஈஸ்வரி ஒருத்தி மட்டும் எடுக்காமல் இருப்பது குடும்ப வழக்கத்துக்கே விரோதம் என்பது போலப் பேசுவார்.

ஈஸ்வரிக்கு அதில் இஷ்டம் இல்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் புதிய சிகிச்சை ஒன்று தொடங்கியிருப்பதை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, கணவரோடு தானே வந்துவிட்டார். தொடையில் சின்ன துளை போட்டு, மெல்லிய குழாயை உள்ளே செலுத்தி, கட்டிக்குப் போகும் இரத்தத்தை அடைத்துவிடுவது. தீனி இல்லாமல் கட்டி சுருங்கும், இரத்தப்போக்கு குறையும், கர்ப்பப்பை இருந்த இடத்தில் இருக்கும். அதில் கைதேர்ந்தவர் எங்கள் பெரிய டாக்டர். மருத்துவமனையும் அவருடையதுதான்.

சிகிச்சைக்கு முன்பு இரத்த ஓட்டம் பார்க்க ஈஸ்வரியை என்னிடம் அனுப்பினார்கள். ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டதும் கட்டியைச் சுற்றிச் சிவப்பும் நீலமும் தேர்த் திருவிழாவாக இருந்தது. "இத்தனை ரத்தமுங்களா?" என்று திரையைப் பார்த்து வியந்தார். பிறகு தானாகவே சொன்னார். "இது மட்டும் நின்னுபோச்சுன்னா ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு வந்து கும்புட்டுட்டுப் போறேன்னு வேண்டியிருக்கறேனுங்க. எத்தனை மாசமாச்சுங்க, நான் கோயில் வாசப்படி மிதிச்சு. எப்பப் பாத்தாலும் தீட்டு."

சிகிச்சை நடந்தது. நன்றாகவே நடந்தது என்றார்கள். அதன் பிறகு நான் மகள் வீட்டுக்குச் சில மாத விடுப்பில் போய்விட்டேன். என் இடத்தில் ஸ்கேன் பார்க்க வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தியிருந்தார்கள். நல்ல மனிதர், வேகமானவர். ஊரில் எத்தனை மருத்துவமனை உண்டோ அத்தனையிலும் அவர் செருப்பு கிடக்கும்.

விடுப்பு முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தேன். என் அறைச் சுவரில் ஆளுயர ஃபிளெக்ஸ் ஒன்று சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நடுவில் கைகூப்பிய பெரிய டாக்டர். இரண்டு பக்கமும், கல்யாண ஃபிளெக்ஸில் தாய்மாமன்மார் இருக்கும் இடத்தில், இரண்டு கர்ப்பப்பைகள். ஒன்றின் கீழ் 'முன்பு'. அது நான் எடுத்த திருவிழாப் படம். இன்னொன்றின் கீழ் 'பின்பு'. அதில் ஒரு பொட்டு நிறம்கூட இல்லை. கன்னங்கரேல் என்று இருந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'கத்தி இல்லை! காயம் இல்லை! இரத்தம் இல்லை!'

அந்தக் கறுப்புப் படத்தைக் கிட்டே போய் உற்றுப் பார்த்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற மேனேஜரிடம், "யாருக்குங்க கண்ணீர் அஞ்சலி?" என்று கேட்டேன்.

"என்னங்க மேடம் அப்படிச் சொல்லீட்டீங்க? ஞாயித்துக்கெழம விழா வெச்சிருக்கறமுங்க. மில் அதிபர் ஒருத்தர் வாராரு, பத்திரிகைக்காரங்க வாராங்க. அந்த சோமனூர் அம்மா மேடையில ரெண்டு வார்த்தை பேசுவாங்க. பொன்னாடையெல்லாம் வாங்கியாச்சுங்க."

"இந்தப் படத்துல கர்ப்பப்பைக்கே ரத்தம் இல்லீங்களே."

"ரத்தம் நிக்கறதுக்குத்தானுங்க மேடம் வைத்தியமே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த மருத்துவக் கல்லூரியிலும் எனக்குக் கற்றுத் தரவில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், மேனேஜர்கள் உங்களையும் கேட்பார்கள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கட்டிக்குள் இரத்தம் ஓடக் கூடாது. ஆனால் கட்டியைச் சுற்றி இருக்கும் கர்ப்பப்பைச் சுவரில் ஓட வேண்டும். சுவருக்கு அக்கம்பக்கத்துக் குழாய்களிலிருந்து இரத்தம் வந்து சேர்ந்துவிடும், அதனால்தான் அது பிழைத்துக் கிடக்கிறது. படத்தில் கட்டியும் கறுப்பு, சுவரும் கறுப்பு என்றால் இரண்டில் ஒன்று. ஒன்று, கர்ப்பப்பை செத்துவிட்டது. அப்படியானால் அந்த அம்மாள் காய்ச்சலும் வலியுமாக அவசரப் பிரிவில் கிடக்க வேண்டும், பொன்னாடைக்குக் காத்திருக்க மாட்டார். இல்லாவிட்டால், இயந்திரத்துக்குக் கண் தெரியவில்லை.

இயந்திரத்தைத் திறந்து அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நினைத்தது சரி. என் இடத்தில் உட்கார்ந்த நம்மவர் அதற்கு முன்னால் யாருக்கோ கழுத்து இரத்தக் குழாய் பார்த்திருக்கிறார். கழுத்தில் இரத்தம் பாய்ந்து போகும், ஆகவே வேக அளவை மேலே ஏற்றி வைத்திருக்கிறார். அதை இறக்காமல் அப்படியே ஈஸ்வரிக்கும் பார்த்துவிட்டார். கர்ப்பப்பைக்குள் இரத்தம் மெதுவாக நடக்கும். அவினாசி சாலையில் பறக்கும் கார்களை மட்டும் கணக்கெடு என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, சந்தில் நடந்து போகிற மனிதர்கள் யாருமே இல்லை என்று எழுதியதைப் போன்றது இது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. ஆனால் பூனை மூடிய கண்ணை ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார்கள்.

படம் குருடு என்பது புரிந்தது. ஈஸ்வரி எப்படி இருக்கிறார் என்பது புரியவில்லை. கட்டி உண்மையிலேயே அடங்கியிருக்கலாம். அடங்காமலும் இருக்கலாம். மேலே போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னேன்.

அவர் கெட்டவர் அல்ல. இதை எழுதும்போது நீங்கள் அவரை வில்லனாக நினைத்துவிடுவீர்களோ என்று கவலையாக இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கைராசிக்காரர். நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிறவர். அவருக்கு இருந்த ஒரே வியாதி விழா. ரிப்பன் வெட்டாத மாதம் அவருக்குத் தூக்கம் வராது.

"ஏனுங் மேடம், படம் கெடக்கட்டும். அந்தம்மாளே பரவாயில்லைன்னு சொல்றாங்க. வர்றப்பெல்லாம் நானே கேக்கறேன். பாருங்க" என்று குறிப்பைத் திருப்பிக் காட்டினார். வந்த ஒவ்வொரு தடவைக்கும் எதிரே, 'நலம்', 'நலம்' என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

"இன்னொரு வாட்டி ஸ்கேன் பாத்தரலாமுங்க."

"பாக்கலாமுங்க. ஞாயித்துக்கெழம விழா முடியட்டும். திங்கக்கெழம முதல் ஆளாப் பாத்துக்கலாம்."

செரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் ஊரில் 'செரிங்க' என்பதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கீழே வந்து ஈஸ்வரியின் கணவருக்குப் போன் போட்டேன். உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவார், உடனே அக்காவிடம் சொல்வார், அக்கா உடனே 'எடுத்துப் போடு' என்பார். ஆகவே, "மேடைக்கு வெச்ச படம் சரியா விழலீங்க. நாளைக்கு ஒருக்கா வந்தா நல்லதா எடுத்தரலாம்" என்றேன். கல்யாண போட்டோ மாதிரி அவருக்கு அது நியாயமாகவே பட்டது. "அதுக்கென்னங்கம்மா, கூட்டியாந்தர்றேனுங்க" என்றார்.

சனிக்கிழமை வந்தார்கள். ஈஸ்வரி அடர்ந்த அரக்கு நிறச் சேலை கட்டியிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கும்போது திரும்பி நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண் டாக்டர்கள் தயவுசெய்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் அறைக்குள் வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது.

"எப்படி இருக்கறீங்க அம்மணி?"

"பரவாயில்லீங்க."

"நல்லாருக்குதுங்கம்மா" என்றார் கணவர் வாசலில் நின்றபடி. அவரை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"போக்கு எப்படி இருக்குது?"

"முந்திக்கு இப்பத் தேவலாமுங்க."

"பேட் நனையுதா?"

"அது... பரவாயில்லீங்க."

கேட்கக் கேட்க அவர் இன்னும் மரியாதையானார். கல்லில் நார் உரிக்கலாம், ஒரு கொங்குப் பெண்ணின் வாயிலிருந்து வைத்தியரைப் பற்றி ஒரு குறையை உரிக்க முடியாது. எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். எங்கள் சுவரில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்ல மாட்டோம் என்று சட்டப்படி ஒரு பலகை உண்டு. அதன் பக்கத்தில், எப்படி இருக்கிறீர்கள் என்று இங்கே கேட்க மாட்டோம், கேட்டுப் பயனில்லை என்று இன்னொன்றும் மாட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்போதுதான் முதல் ஸ்கேனில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. புரோபைத் துடைத்துக்கொண்டே, ஊர்க்கதை பேசுவது போலக் கேட்டேன்.

"ஆமா, ஆனைமலைக்குப் போயிட்டு வந்தாச்சா?"

ஈஸ்வரி மேலே மின்விசிறியைப் பார்த்தார்.

"இன்னும் இல்லீங்க."

"ஏன், தறி வேலையா?"

"வேலையெல்லாம் எப்பவும் இருக்கறதுதானுங்க." முந்தானை நுனியை விரலில் சுற்றினார். "எப்படீங்க போறது? உங்ககிட்டப் பரவாயில்லைன்னு சொல்லிரலாம். அம்மன்கிட்டப் போயி அப்படிச் சொல்ல முடியுங்களா?"

சொன்னதும் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அதன் பிறகு அணை உடைந்த மாதிரிதான். நிற்கவே இல்லையாம். முதல் மாதம் கொஞ்சம் குறைந்தது, அப்புறம் பழைய கதைதான். போன வாரம் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த வேலைக்காரப் பெண் இழுத்துப் பிடிக்காவிட்டால் தறிமேலேயே விழுந்திருப்பார்.

"ஏன் கண்ணு டாக்டர்கிட்டச் சொல்லல?"

"அவரு எத்தனை பாடுபட்டாருங்க! பேரு சொல்லிக் கூப்புட்டு, சிரிச்ச மூஞ்சியாக் கேக்கறாரு. இல்லீங்க, போய்க்கிட்டேதான் இருக்குதுன்னு எப்படீங்க சொல்றது? மனசு நொந்துபோயிருவாரல்லங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதுவுமில்லாம எங்க நங்கையாளுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதானுங்க. நான் அப்பவே சொன்னேன், எடுத்துப் போடுன்னு சொன்னேன், கேட்டயான்னு நிப்பாங்க. நானாத்தானுங்க இந்த வைத்தியம் வேணும்னு அடம் புடிச்சு வந்தேன்."

வேக அளவை இறக்கிவிட்டு ஸ்கேனைத் தொடங்கினேன். முதலில் கர்ப்பப்பைச் சுவரில் அங்கங்கே நிறம் தெரிந்தது. உயிரோடு இருக்கிறது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்து கட்டி. வலது பாதி இருட்டு, சிகிச்சை அங்கே பலித்திருந்தது. இடது பக்கம் போனேன். சிவப்பும் நீலமும். பழைய தேரேதான், பாதி வீதியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சிகிச்சை அன்று அந்தப் பக்கக் குழாய் தற்காலிகமாகச் சுருங்கியிருக்க வேண்டும். அடைத்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியிருக்கும். பிறகு அது விரிந்துகொண்டது. இது நடக்கக்கூடியதுதான், யாருடைய கைக்கும் நடக்கும். தெரிந்துவிட்டால் மறுபடி அடைக்கலாம். தெரியாமல் மேடை ஏற்றினால், பொன்னாடையோடு விழுவார்.

இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவைப் பார்த்த லேப்காரர் தானே என் அறைக்கு வந்து, "இவங்க நடந்தா வந்தாங்க?" என்று கேட்டார்.

பெரிய டாக்டரிடம் போனேன். படத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். தொழில் தெரிந்தவர், புரியாமல் போகாது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் அந்த ஃபிளெக்ஸைச் சாரத்தில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சமாத்தானுங்க மேடம் ஓடுது?"

"கொஞ்சம் இல்லீங்க. பாதிக் கட்டி."

"ரிப்போர்ட்ல, 'இடது பக்கம் லேசான ஓட்டம் இருக்கலாம்'னு போட்டுருங்களேன். அப்புறம் நம்ம வழக்கமா எழுதறதை எழுதீருங்க. பொருத்திப் பார்க்கவும்னு."

பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுக்குத் துண்டு போட்டு விரல் பிடித்துப் பேரம் பேசுவார்கள். கர்ப்பப்பைக்குப் பேரம் பேசி நான் அன்றுதான் பார்த்தேன். 'லேசான'வை நான் உள்ளே விடவில்லை, 'இருக்கலா'மை அவர் கைவிடவில்லை. நாளை மில் அதிபர் வருகிறார், பத்திரிகைகளுக்குச் சொல்லியாகிவிட்டது, ஒரே ஒரு நாள் மேடம், ஒரே ஒரு நாள் என்றார். உள்ளபடி எனக்கும் நடுக்கம்தான். மாதச் சம்பளக்காரி, அவர் முதலாளி. சண்டை போட்டு நான் ஜெயித்திருக்க மாட்டேன். ஆகவே சண்டை போடவில்லை.

"பொருத்தித்தானுங்க பாக்கணும்? வாங்க, கீழ போயிப் பொருத்திப் பாக்கலாம்" என்றேன்.

வந்தார். ஈஸ்வரி அவரைப் பார்த்ததும் படுக்கையிலிருந்து எழப் பார்த்தார். நான் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

"எப்படி இருக்கறீங்க ஈஸ்வரி?" என்றார் பெரிய டாக்டர், சிரித்த முகமாக.

"பரவாயில்லீங்க டாக்டர்" என்றார் ஈஸ்வரி. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் என்னிடம் அழுத அதே வாய்!

பெரிய டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாத்தீங்களா மேடம் என்ற பார்வை அது.

"இப்ப நான் சொல்றதைக் கேளுங்க டாக்டர். ஆனைமலைக்குப் போயி வேண்டுதல முடிச்சாச்சான்னு கேளுங்க."

அவர் கேட்டார். ஈஸ்வரி தலையைக் குனிந்துகொண்டார். "இல்லீங்க. இன்னும் போற மாதிரி ஆகலீங்க."

அவ்வளவுதான். அதற்குமேல் நான் எதையும் விளக்கவில்லை. அவர் ஆனைமலைக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அந்த அம்மனுக்கு நேர்ந்துகொண்ட ஒரு பெண், சிகிச்சை முடிந்தும் இத்தனை காலம் கோயிலுக்குப் போகவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை அவர் தாய்ப்பாலோடு அறிந்தவர். முகத்தில் சிரிப்பு மெல்ல வடிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க அம்மணி?"

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதானுங்க..."

"நான் சங்கடப்பட்டா என்னங்க? உங்க உசுரல்லங்க?"

"இல்லீங்க, நீங்க இத்தனை பாடுபட்டு..."

அங்கேயும் ஆரம்பித்துவிட்டார்கள். என்னால நடந்துச்சுங்க, இல்லீங்க என்னாலதானுங்க என்று ஆளுக்கு ஆள் பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அந்த அம்மாள் அவருக்கு ஆறுதல் சொல்லியே மயங்கி விழுந்திருப்பார். "ரெண்டு பேரும் அப்புறம் பேசிக்கலாமுங்க. முதல்ல ரத்தம் ஏத்தணும்" என்று குறுக்கே புகுந்தேன். அன்றே சேர்த்து இரத்தம் ஏற்றினோம். ரிப்போர்ட்டில் 'லேசான'வும் இல்லை, 'இருக்கலா'மும் இல்லை, குலதெய்வத்தின் வரியும் இல்லை.

விழாவா? விழா நின்றுவிட்டது என்று நினைத்தீர்களா? எங்கள் ஊரை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மில் அதிபர் வருகிறேன் என்று சொன்ன பிறகு விழா எப்படி நிற்கும்? சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை நடந்தது, இரத்ததான முகாமாக. 'இரத்தம் இல்லை!' என்று எழுதியிருந்த ஃபிளெக்ஸை மட்டும் கழற்றிவிட்டார்கள். பொன்னாடையை மில் அதிபருக்கே போர்த்தினார்கள். அவர் மகளிர் நலம் பற்றி நீளமாகப் பேசினார். கேட்டவர்களில் பாதிப்பேர் இரத்தம் கொடுத்துவிட்டுப் படுத்திருந்ததால் யாராலும் எழுந்து போக முடியவில்லை.

கழற்றிய ஃபிளெக்ஸ் மாடிப்படிக்கு அடியில் சுருண்டு கிடந்தது. மனைவிக்குத் துணையாக வார்டில் இருந்த ஈஸ்வரியின் கணவர், வீடு திரும்பும் நாளில் மேனேஜரிடம் போய், "ஏனுங்க, அது சும்மாதானுங்க கெடக்குது? மழைக்கு நூல் மூட்டைமேல மூடிக்கலாமுங்க" என்று மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தன் மனைவியின் கர்ப்பப்பை என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை. மரியாதை எனக்கும் உண்டு.

உடம்பு தேறியதும் ஈஸ்வரிக்கு இடது பக்கக் குழாயை மறுபடி அடைத்தார்கள். இந்தத் தடவை பெரிய டாக்டர் அவசரப்படவில்லை. குழாய் விரிந்திருக்கிறதா என்று காத்திருந்து, பார்த்துப் பார்த்துச் செய்தார். ஃபிளெக்ஸ் கடைக்காரர் இரண்டு தடவை போன் போட்டும் அவர் எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு ஈஸ்வரி என்னிடம் வந்தார். இளம்பச்சைச் சேலை. அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் சேலையை வைத்து ரிப்போர்ட் எழுத முடியாது.

"எப்படி இருக்கறீங்க அம்மணி?" பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது.

"பரவாயில்லீங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஸ்கேனை ஆரம்பித்தேன். வேக அளவைத் தரையைத் தொடும்வரை இறக்கினேன். கட்டி பாதியாகச் சுருங்கிக் கிடந்தது, வலதும் இருட்டு, இடதும் இருட்டு. சுற்றிலும் சுவரில் நிறம் நிதானமாக வந்து போய்க்கொண்டிருந்தது. நல்ல படம். முன்பும் ஃபிளெக்ஸில் ஒரு 'நல்ல' படத்தைப் பார்த்தவள் நான். அதனால் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஈஸ்வரி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு கைப்பையைத் திறந்து, செய்தித்தாளில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பிரித்தேன். குங்குமம்.

"வெள்ளிக்கெழம ஆனைமலைக்குப் போயிட்டு வந்தேனுங்க. நங்கையாளையும் கூட்டிக்கிட்டுத்தான் போனேன். அவங்களே முன்னால நின்னு அர்ச்சனை சொன்னாங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். அத்தனை வருஷம் ஆயிரம் படம் பார்த்திருந்தும், வைத்தியம் பலித்தது என்று என் கையில் யாரும் இப்படிக் கொண்டுவந்து வைத்ததில்லை.

ஈஸ்வரி கைப்பையிலிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். "இது பெரிய டாக்டருக்குங்க. நீங்களே குடுத்துருங்கம்மா. நான் போயிக் குடுத்தா பழசையெல்லாம் நெனச்சு அவரு சங்கடப்படுவாருங்க."

ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, உறையில் இட்டு, பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். இரண்டையும் அவர் மேசைமேல் வைத்தேன். "சோமனூர் ஈஸ்வரி குடுத்தாங்க. ஆனைமலைக் குங்குமம்" என்றேன்.

பெரிய டாக்டர் பொட்டலத்தைப் பிரித்தார். விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அப்புறம் வெளியே பெஞ்சில் காத்திருந்த அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார். ரிப்போர்ட் உறையை அவர் பிரிக்கவே இல்லை.